மேலே உட்காருவதா, உள்ளே உட்காருவதா? முதல் கயாக் வாங்குமுன்

கயாக் என்ற ஒடுங்கிய துடுப்புப் படகை வாங்க நினைப்பவர்கள் எடுத்தவுடன் கேட்பது, "எது கவிழாது?" என்பதுதான். மேலே உட்காரும் வகை, உள்ளே உட்காரும் வகை, இரண்டும் கவிழும். கவிழ்ந்த பிறகு நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதில்தான் இரண்டு வகைகளும் மலைக்கும் மடுவுக்குமாக வேறுபடுகின்றன. விற்பவர்கள் பெரும்பாலும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. இருக்கையின் மெத்தையையும் கோப்பை வைக்கும் குழியையும் காட்டுவார்கள்.

அண்மையில் ஒரு நண்பரும் அவர் மனைவியும் இதே குழப்பத்தோடு வந்தார்கள். அவருக்கு முழங்கால் வலி. அவர் மனைவிக்கு நெடுந்தூரம் துடுப்புப் போட ஆசை. இரண்டு வகைப் படகையும் ஒவ்வொரு நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்த்திருந்தார்கள். பார்த்த பிறகு குழப்பம் கூடியிருந்தது. அவர்களிடம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். ஏரியிலும் அமைதியான ஆற்றிலும் கரையோரக் கடலிலும் பொழுதுபோக்காகத் துடுப்புப் போடுபவர்களுக்கு இது. நுரைத்துப் பாயும் ஆற்றில் பாறைகளுக்கு நடுவே குதிப்பவர்களின் கணக்கு வேறு.

முதலில் பெயர்கள். கடைகளில் சிட்-ஆன்-டாப், சிட்-இன்சைட் என்பார்கள். முதலாவது, எல்லாப் பக்கமும் மூடிய பிளாஸ்டிக் கூடு. அதன் முதுகில் வார்த்த பள்ளத்தில் உட்காருகிறோம்; கால்கள் வெட்டவெளியில் இருக்கும். இரண்டாவதில் நடுவே ஒரு திறப்பு உண்டு. அதற்குள் இறங்கி, கால்களை மேல்தட்டுக்கு அடியில் நீட்டிக்கொள்ள வேண்டும். இந்தக் கட்டுரையில் அவற்றை மேலமர் படகு, உள்ளமர் படகு என்று அழைக்கிறேன்.

உள்ளமர் படகுதான் மூத்தது. ஆர்க்டிக் கரையோரத்தில் வாழும் இனுயிட் மக்கள் மரக்கட்டையாலும் எலும்பாலும் சட்டம் கட்டி, அதன்மேல் கடல்நாய்த் தோலைப் போர்த்தி, வேட்டைக்காகச் செய்தது அது. மேல்தட்டு மூடியிருப்பதும், வேட்டைக்காரரின் அங்கி திறப்பின் விளிம்போடு சேர்த்துக் கட்டப்பட்டதும் ஒரே காரணத்துக்காக: அந்த நீரில் நனைந்தவர் பிழைப்பது அரிது. உள்ளமர் படகு குளிருக்குப் பிறந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

## எவற்றை வைத்து எடை போடுவது

நான் பார்ப்பவை ஆறு. நீர் எவ்வளவு குளிர்ச்சியானது? கவிழ்ந்தால் தனியாக மீண்டும் ஏற முடியுமா? கரையிலிருந்து எவ்வளவு தூரம் போவீர்கள், அங்கே காற்று எப்படி? உங்கள் முழங்காலும் இடுப்பும் உடல் எடையும் எதற்கு ஒத்துழைக்கும்? வீட்டிலிருந்து நீர்க்கரை வரை படகைத் தூக்குவது யார்? படகில் ஏறி என்ன செய்யப் போகிறீர்கள்: மீன்பிடிப்பா, நீச்சலா, பிள்ளைகளோடு விளையாட்டா, நெடும்பயணமா?

இவற்றில் இரண்டாவதுதான் எனக்கு முதன்மையானது. அதனால் அதைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன்.

## ஆட்டமும் நிலைப்பும்

மேலமர் படகில் நீங்கள் உட்காரும் பள்ளத்தின் தரை, வெளியே உள்ள நீர்மட்டத்தைவிட உயரமாக இருந்தாக வேண்டும். அப்போதுதான் உள்ளே தெறிக்கும் தண்ணீர் அடிவரை போகும் வடிதுளைகள் வழியாகத் தானாக வெளியேறும். இதற்குக் கொடுக்கும் விலை, உங்கள் எடை உயரத்தில் இருப்பது. அதைச் சரிக்கட்டப் படகை அகலமாக்குகிறார்கள். முப்பது அங்குலமும் அதற்கு மேலும் வழக்கம். உள்ளமர் படகில் இருக்கை ஏறக்குறைய அடித்தட்டில், நீர்மட்டத்துக்கும் கீழே இருக்கும். எடை தாழ்ந்திருப்பதால் அதே நிலைப்பைக் குறைந்த அகலத்தில் பெறலாம். பொழுதுபோக்கு வகைகளே 26 முதல் 30 அங்குலம்தான். நெடும்பயணப் படகுகள் 22, 24 அங்குலம் வரை ஒடுங்கும்.

அகலமான படகு அமைதியான நீரில் மேசைபோல நிற்கும். ஆனால் அலை வந்தால் அலையின் சரிவோடு தானும் சரியும். ஒடுங்கிய படகு முதல் நாள் உங்களைப் பயமுறுத்தும். ஆனால் ஒரு பக்கம் சாய்ந்த பிறகு ஓர் இடத்தில் உறுதியாகத் தாங்கிக்கொள்ளும். ஆகவே கரையோரத்தில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்து "இது ஆடவே இல்லை" என்று முடிவெடுப்பது, நின்றுகொண்டிருக்கும் சைக்கிளில் உட்கார்ந்து பார்த்து வாங்குவது போன்றது.

## கவிழ்ந்த பிறகு

மேலமர் படகு கவிழ்ந்தால் நீங்கள் அதிலிருந்து வெறுமனே விழுகிறீர்கள். படகின் உள்ளே தண்ணீர் எளிதில் புகாது. குறுக்கே கையை நீட்டி, எதிர்ப்பக்க விளிம்பையோ கைப்பிடியையோ பிடித்து இழுத்தால் நிமிர்ந்துவிடும். பிறகு பக்கவாட்டில் நின்று, கால்களை நீர்மட்டத்துக்கு வரும்வரை உதைத்து, வயிறு படகின் குறுக்கே படியும்படி மேலே ஏறி, திரும்பி உட்கார்ந்து, கால்களை எடுத்து வைக்க வேண்டும். சொல்லும்போது எளிது. தோளில் வலு குறைந்தவர்கள் இரண்டு மூன்று தடவை வழுக்கி விழுவார்கள். ஆனாலும் இடுப்பளவு நீரில் ஒரு மதியம் பழகினால் பெரும்பாலோர் கற்றுக்கொள்கிறார்கள்.

இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஆள் இல்லாத மேலமர் படகு தக்கைபோல இலேசாக மிதக்கும். காற்று அடித்தால் நீந்துகிறவரைவிட வேகமாக ஓடிவிடும். விழுந்தவுடன் முதல் வேலை படகைப் பிடிப்பது. மூக்கைத் துடைப்பதெல்லாம் பிறகு.

உள்ளமர் படகு கவிழ்ந்தால் கதை நீளும். நான் வாங்கிய முதல் படகு, திறப்பு அகன்ற, விலை மலிந்த உள்ளமர் படகு. உள்ளே தடுப்புச்சுவர் என்று எதுவும் இல்லை. வாங்கும்போது அப்படி ஒன்று இருக்க வேண்டும் என்றே எனக்குத் தெரியாது. ஒரு மதியம், ஏரியில், கரையிலிருந்து நூற்றைம்பது மீட்டர் இருக்கும். திடீரென்று எழுந்த காற்றில் படகைத் திருப்பப் போய்க் கவிழ்ந்தேன். எளிதாக வெளியே வந்துவிட்டேன். படகையும் நிமிர்த்தினேன். விளிம்புவரை தண்ணீர். ஏற முயன்றேன், உள்ளே இருந்த தண்ணீர் மொத்தமாக ஒரு பக்கம் சாய்ந்து, படகு மறுபடியும் புரண்டது. மூன்றாவது முயற்சிக்குப் பிறகு விட்டுவிட்டேன். செத்த எருமையை இழுத்து வருவதுபோல அதைத் தள்ளிக்கொண்டு நீந்தியதில் கரை சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று. கரையில் அதைக் கவிழ்த்துக் காலி செய்ய இன்னொருவர் கை கொடுக்க வேண்டியிருந்தது. நல்ல வேளை, வெதுவெதுப்பான நீர். உயிர்காப்பு அங்கியும் அணிந்திருந்தேன்.

ஏன் அப்படி ஆயிற்று என்பது எளிய கணக்கு. ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. தடுப்பில்லாத கூட்டுக்குள் நூறு லிட்டருக்கு மேல் சாதாரணமாகப் புகும். அந்த நூறு கிலோவும் ஓரிடத்தில் நில்லாமல் நீங்கள் சாயும் பக்கமெல்லாம் ஓடிவரும். இருக்கைக்குப் பின்னாலும் கால்களுக்கு முன்னாலும் தடுப்புச்சுவர் இருந்தால் தண்ணீர் நடு அறையோடு நின்றுவிடும். முன்னும் பின்னும் காற்று அடைபட்டு மிதப்பைத் தரும். அத்தகைய படகை உடன் வருபவர் ஒருவர், அதன் அணியத்தை, அதாவது முன்முனையை, தம் படகின் மேல் இழுத்துச் சாய்த்து, ஒரு நிமிடத்துக்குள் பெருமளவு காலி செய்துவிடலாம். தனியாக இருந்தால், துடுப்பின் ஒரு முனையில் காற்றுப் பையைக் கட்டி, அதைப் பக்கத் தாங்கியாக வைத்து ஏறி, கைப்பம்பால் தண்ணீரை இறைக்க வேண்டும். கற்றுக்கொள்ளக் கூடியதுதான். ஆனால் கற்றுக்கொள்ளாமல் வராது.

படகுக்குள் சிக்கிக்கொள்வோமோ என்ற பயம் பலருக்கு உண்டு. அகன்ற திறப்புள்ள பொழுதுபோக்குப் படகில் அது தேவையற்ற பயம். கவிழ்ந்தவுடன் உடம்பு தானாக வெளியே நழுவிவிடும். இடுப்பைச் சுற்றி அணிந்து திறப்பை மூடும் ஸ்ப்ரே ஸ்கர்ட் போட்டிருந்தால்தான் எச்சரிக்கை வேண்டும். அதன் முன்பக்கம் இழுத்துக் கழற்ற ஒரு வளையம் இருக்கும். புறப்படும்போது அது துணிக்கு வெளியே தெரிகிறதா என்று ஒவ்வொரு முறையும் கையால் தொட்டுப் பார்ப்பதைத் தலைக்கவசம் மாட்டுவதுபோலப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

ஆகவே என் தீர்ப்பைக் கடைசிவரை ஒளித்து வைக்கவில்லை. இந்தச் சந்தையில் மோசமான தேர்வு, மேலமரும் அல்ல, உள்ளமரும் அல்ல. தடுப்புச்சுவர் இல்லாத உள்ளமர் படகைக் கரையை விட்டு நெடுந்தூரம் தனியாக எடுத்துச் செல்வது. கடைகளின் முன்வரிசையில் மலிந்த விலையோடு நிற்பதும் பெரும்பாலும் அதுதான்.

## குளிரும் வெயிலும்

மேலமர் படகில் நனைவீர்கள். வடிதுளை வழியாக நீர் வெளியேறுவதுபோலவே உள்ளேயும் வரும். துடுப்பிலிருந்து மடியில் சொட்டும். அடைப்பான் வைத்துத் துளைகளை மூடலாம். ஆனால் அலை உள்ளே விழுந்தால் அது வடிய வழி இருக்காது. வெதுவெதுப்பான நீரில் இதெல்லாம் இன்பம். நீர் பதினைந்து டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால், ஈர உடம்பில் படும் காற்று கொஞ்சம் கொஞ்சமாகச் சூட்டை உறிஞ்சிவிடும். அங்கே உள்ளமர் படகு கால்களை உலர்வாக வைத்து, ஒரு கம்பளி போர்த்திய சுகத்தைத் தரும்.

அந்தச் சுகமே ஏமாற்றவும் செய்யும். குளிர்நீர்ப் பயிற்சிகளில் ஒன்று, பத்து, ஒன்று என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். குளிர்ந்த நீரில் விழுந்தவருக்கு மூச்சிரைப்பு அடங்க ஒரு நிமிடம். கைகால்கள் சொன்னபடி கேட்பது சுமார் பத்து நிமிடம். உடல் வெப்பம் குறைந்து நினைவு தப்புவதற்குச் சுமார் ஒரு மணி நேரம். இதில் நடுவில் உள்ள பத்து நிமிடம்தான் நமக்குரியது. படகில் மீண்டும் ஏறுவதென்றால் அதற்குள் ஏற வேண்டும். உள்ளமர் படகில் உலர்ந்த கால்சட்டையோடு உட்கார்ந்திருப்பவருக்கு இது மறந்துபோகிறது. எந்தப் படகானாலும் உடையை நீரின் குளிருக்கு ஏற்றபடி அணிய வேண்டும். வெயிலைப் பார்த்து அல்ல.

வெப்பமான இடங்களில் நிலைமை தலைகீழ். மூடிய மேல்தட்டுக்குள் கால்கள் வேகும். மேலமர் படகிலோ கால்கள் திறந்த வெயிலில் கிடக்கும். முகத்துக்கு மட்டும் களிம்பு பூசிக்கொண்டு போய், புறங்கால் தோல் உரிந்து திரும்பியவன் நான்.

## தூரம், வேகம், காற்று

உள்ளமர் படகு வேகமானது என்று பொதுவாகச் சொல்வார்கள். பெரும்பாலும் சரி, காரணம்தான் வேறு. வேகத்தைத் தீர்மானிப்பது முதலில் நீளம், அடுத்து அகலம். நீர்மட்டத்தில் பத்தடி நீளமுள்ள படகின் கணக்கீட்டின்படியான உச்ச வேகம் மணிக்குச் சுமார் 7.8 கிலோமீட்டர், பதினான்கடிக்குச் சுமார் 9.3. பொழுதுபோக்குத் துடுப்பாளர் போவது நான்கைந்து கிலோமீட்டர் வேகத்தில்தான். ஆகவே நீளத்தின் பலன் பந்தய வேகத்தில் அல்ல, அதே வேகத்துக்குக் குறைவாகக் களைப்பதிலும் படகு நேராகப் போவதிலும் தெரியும். பன்னிரண்டடி மேலமர் படகு, ஒன்பதடி உள்ளமர் படகைச் சிரமமில்லாமல் முந்தும்.

காற்றில் உள்ளமருக்கே என் ஓட்டு. உடம்பு தாழ்ந்திருப்பதால் காற்றுக்குப் பிடி குறைவு. தொடைகளும் முட்டிகளும் மேல்தட்டின் அடியில் முட்டுக் கொடுப்பதால், இடுப்பை அசைத்தே படகைச் சாய்த்துத் திருப்பலாம். மேலமரில் அந்தப் பிடிப்பு வேண்டுமென்றால் தொடைப்பட்டைகளைத் தனியாக வாங்கிப் பூட்ட வேண்டும்.

## உடம்பும் சுமையும்

முழங்கால் மடங்காதவர், பருமனானவர், குறுகிய இடத்தில் மூச்சு முட்டுவதாக உணர்பவர் ஆகியோருக்கு யோசனையே வேண்டாம், மேலமர்தான். முழங்காலளவு நீரில் படகைக் கால்களுக்கு நடுவே நிறுத்தி, நாற்காலியில் உட்காருவதுபோல உட்கார்ந்து, பிறகு கால்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்தால் போதும். உள்ளமரில் இறங்குவது ஒரு சிறிய யோகாசனம். ஏறுவதைவிட, இரண்டு மணி நேரம் மரத்துப்போன கால்களோடு வெளியே வருவது கடினம்.

தூக்கும் வேலையில் தட்டு மறுபக்கம் சாயும். பத்து முதல் பன்னிரண்டடி வரையிலான பிளாஸ்டிக் உள்ளமர் படகு 18 முதல் 25 கிலோ. அதே நீளமுள்ள மேலமர் 22 முதல் 32 கிலோ. மீன்பிடிப்புக்கென்று அகலமாகச் செய்தவை நாற்பதைத் தாண்டும். உள்ளமரில் திறப்பின் விளிம்பைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒருவரே நடந்துவிடலாம். மேலமரில் தோளில் மாட்ட எதுவும் இல்லை. காரின் கூரைக்கு முப்பது கிலோவைத் தனியாக ஏற்ற முடியாமல், வாங்கிய படகைக் கொட்டகையில் தூங்கவிட்டவர்கள் பலரை எனக்குத் தெரியும்.

தயாரிப்பாளர் குறிப்பிடும் தாங்குதிறனை அப்படியே நம்ப வேண்டாம். அதில் மூன்றில் இரண்டு பங்குக்குள் உங்கள் எடையும் சுமையும் அடங்கினால் நல்லது. மேலமரில் இது இன்னும் முக்கியம்: பாரம் கூடினால் இருக்கைத் தரை நீர்மட்டத்துக்குக் கீழே போய், வடிதுளைகள் ஊற்றுகளாக மாறிவிடும்.

## விலைச்சீட்டில் இல்லாத செலவு

உள்ளமர் வாங்குபவர் கைப்பம்பு, துடுப்புக்கான காற்றுப் பை, ஸ்ப்ரே ஸ்கர்ட், தடுப்புச்சுவர் இல்லாத முனைகளில் அடைக்க மிதவைப் பைகள் ஆகியவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மீண்டும் ஏறும் பயிற்சி வகுப்பு ஒன்றும் அதோடு சேரும். அதைச் செலவு என்று சொல்ல எனக்கு மனமில்லை. திறந்த வெளியில் வைத்தால் திறப்புக்கு மூடி வேண்டும். இல்லையென்றால் மழைநீரும் சிலந்தியும் குடியேறும். கால் வைத்த பிறகுதான் தெரியும்.

மேலமர் வாங்குபவருக்கு, முதலில் இருக்கை. பல படகுகளோடு வருவது வெறும் துணிப்பட்டைதான். பிறகு தள்ளுவண்டி. வடிதுளைக்குள் கம்பி நுழைத்துத் தாங்கும் வண்டிகள் வசதிதான், ஆனால் பாரம் ஏற்றியபடி மேடுபள்ளத்தில் இழுத்தால் துளைச் சுவர் விரியலாம், விரிசலும் விடலாம். அடியில் பட்டை போட்டுத் தாங்கும் வண்டியையே நான் பரிந்துரைப்பேன். அகலமான படகுக்குத் துடுப்பும் நீளமாக வேண்டும். ஒடுங்கிய படகுக்கு 220 சென்டிமீட்டர் சரியாக இருந்தால் இதற்கு 240 தேவைப்படலாம். வீட்டில் கிடக்கும் பழைய துடுப்பு பொருந்தும் என்று எண்ண வேண்டாம். குளிர்ப்பகுதி என்றால் நீரில் உடல் சூட்டைக் காக்கும் வெட்சூட் உடையும் சேரும்.

| அளவுகோல் | மேலமர் | உள்ளமர் |
|---|---|---|
| குளிர்ந்த நீர் | உரிய உடை இல்லாமல் கூடாது | வசதி. ஆனால் விழுந்தால் அதே ஆபத்து |
| தனியாக மீண்டும் ஏறுதல் | ஒரு மதியப் பயிற்சி போதும் | கருவியும் முறையான பயிற்சியும் வேண்டும் |
| காற்றும் தூரமும் | சுமார் | நன்று, தடுப்புச்சுவர் இருந்தால் |
| ஏறி இறங்குதல் | எளிது | முழங்காலைக் கேட்க வேண்டும் |
| தூக்கிச் செல்லுதல் | கடினம் | ஒருவரால் முடியும் |
| மீன்பிடிப்பு, நீச்சல், பிள்ளைகள் | இதற்கே பிறந்தது | இடைஞ்சல் |
| உலர்ந்த பொருள்களோடு முகாம் | பெட்டிகள் சிறியவை. சிலவற்றில் கசிவு | தடுத்த அறைகளில் நல்ல இடம் |

## யாருக்கு எது

வெதுவெதுப்பான நீர், கரையோரம், அடிக்கடி குதித்து நீந்தி மறுபடி ஏறுவது, பிள்ளைகள், நாய், தூண்டில்: இவற்றில் ஏதாவது இரண்டு உங்களுக்குப் பொருந்தினால் மேலமரை வாங்குங்கள். நீர் குளிர்ச்சி, ஐந்து கிலோமீட்டருக்கு மேல் போக ஆசை, உடன் வர ஒருவர், பயிற்சிக்கு மனம் என்றால் இரு தடுப்புச்சுவர் உள்ள உள்ளமர். அமைதியான சிறு குளத்தில், கரையை ஒட்டியே மாலையில் பறவை பார்க்கப் போவதற்கு என்றால் தடுப்பில்லாத மலிவுப் படகும் சரிதான். நான் அதைத் திட்டியதெல்லாம் அது போகக் கூடாத இடத்துக்குப் போவதைப் பற்றி.

நண்பருக்கு மேலமர் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. அவர் மனைவி கேட்டதுதான் நல்ல கேள்வி: "நான் உள்ளமர் வாங்கினால், நான் கவிழும்போது இவரால் என் படகைக் காலி செய்ய முடியுமா?" முடியும், மேலமர் படகின் குறுக்கே அணியத்தை இழுத்துச் சாய்க்கலாம், ஆனால் இருவரும் சேர்ந்து பழகியிருக்க வேண்டும். பழகிப் பார்த்தார்கள். ஐந்தாவது முறைதான் ஒழுங்காக வந்தது. அதன் பிறகே அவர் மனைவி பதினான்கடி உள்ளமர் ஒன்றை, பழையதாக, வாங்கினார்.

பழைய படகு பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று. உள்ளமரானால் இருக்கைக்குப் பின்னுள்ள தடுப்புச்சுவரின் ஓரத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். பசை விட்டிருந்தால் அசையும். அதைத் திரும்ப ஒட்டிவிடலாம். மேலமரானால் வடிதுளைகளின் உள்விளிம்பையும், கரையில் உரசித் தேய்ந்த பின்முனையையும் பாருங்கள். பிறகு இரு முனைகளையும் இருவர் பிடித்துத் தூக்கி ஆட்டுங்கள். ஒரு கோப்பைத் தண்ணீர் உள்ளே ஓடினால் பரவாயில்லை, வடிகட்டும் திருகாணியைக் கழற்றி விட்டுவிடலாம். வாளிக்கணக்கில் குலுங்கினால், விற்பவர் என்ன காரணம் சொன்னாலும், படகை மெதுவாக இறக்கி வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.